குழந்தைகளின் கல்லீரல்: சாட்ஸ்வொர்த்தில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

போன ஆடியில் கஞ்சி பூஜை முடிந்து கோயில் மண்டபத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போனை நீட்டி, "அக்கா, இந்த நிறம் பரவாயில்லையா?" என்று கேட்டாள். குழந்தையின் நாப்பியைப் படம் எடுத்து வைத்திருந்தாள். பக்கத்திலிருந்த ஆயா முகத்தைச் சுளித்தார், ஆனால் எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்திருந்தது. ஏன் என்று கீழே வரும்.

நான் டாக்டர் இல்லை. தென்னாப்பிரிக்காவில், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதி இருக்கும் டர்பன் நகரில், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறேன். வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் ஒரே சந்தேகங்களை மாற்றி மாற்றிக் கேட்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

அக்கா எப்பப் பாத்தாலும் சாங், சாங்னு சொல்றீங்களே, யார் அது?

மெய்-ஹுவெய் சாங். தைவானின் தலைநகர் தைப்பேயில், தேசியத் தைவான் பல்கலைக்கழகத்தில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்தவர். குழந்தைகளின் கல்லீரல்தான் அவர் வாழ்நாள் வேலை. அதில் இரண்டு விஷயங்களுக்காக அவரை உலகம் முழுக்கத் தெரியும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கான தடுப்பூசி போட்டால் குழந்தைகளுக்குக் கல்லீரல் புற்றுநோய் குறைகிறது என்று ஒரு நாடு முழுவதையும் வைத்துக் காட்டியது ஒன்று. பச்சைக் குழந்தையின் மலத்தின் நிறத்தைப் பார்த்தே ஒரு கொடிய கல்லீரல் நோயைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்பதை அந்த நாட்டின் எல்லா அம்மாக்களுக்கும் கொண்டு போனது இன்னொன்று. இரண்டாவது வேலை காகித அட்டையில் நடந்தது என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சின்னப் பிள்ளைக்கு எப்படி லிவர் கேன்சர் வரும்? அது குடிக்கிறவங்களுக்கு வர்றதுதானே?

குடி ஒரு காரணம். உலகத்தில் கல்லீரல் புற்றுநோய்க்குப் பெரிய காரணம் ஹெபடைட்டிஸ் பி வைரஸ். 1981இல் பாமர் பீஸ்லி என்ற அமெரிக்க டாக்டர் தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து ஒரு கணக்கு வெளியிட்டார். அவர்களில் கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர், அதில் 40 பேருக்கு ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்தது. வைரஸ் உள்ளவருக்கு ஆபத்து இல்லாதவரைவிட 200 மடங்குக்கு மேல். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவுகூட இவ்வளவு இறுக்கமில்லை.

தைவானில் அந்தக் காலத்தில் பெரியவர்களில் 100க்கு 15 முதல் 20 பேர் இந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தார்கள். அம்மாவுக்கு இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குப் போகும். வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் 100க்கு 95 பேருக்கு மேல் உடம்பே விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் நிலைமை தலைகீழ்: 100க்கு 90 குழந்தைகளுக்கு அது வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடும், ஏனென்றால் குழந்தையின் உடம்புக்கு அது வேற்றாள் என்றே இன்னும் தெரியாது. இப்படிப் பிறந்த அன்றே உள்ளே புகுந்த வைரஸ் சிலருக்கு நாற்பது வயதில் புற்றுநோயாகிறது, கொஞ்சம் பேருக்கு ஏழு, எட்டு வயதிலேயே. தைவானில் கல்லீரல் செல் புற்றுநோய் வந்த குழந்தைகளில் கிட்டத்தட்ட எல்லாருக்குமே இந்த வைரஸ் இருந்தது.

ஊசி போட்டா கேன்சர் வராதுன்னு எப்படி நிரூபிச்சாங்க? அதுக்கு நாப்பது வருஷம் காத்திருக்கணுமே?

சரியான கேள்வி, சாங்கின் கெட்டிக்காரத்தனமே இங்கேதான். 1984 ஜூலையில் தைவான் நாடு தழுவிய ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. முதல் இரண்டு வருடம் வைரஸ் உள்ள அம்மாக்களின் குழந்தைகளுக்கு, 1986 ஜூலையிலிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும். எல்லாரும் பெரியவர்களுடைய புற்றுநோய் குறைவதைப் பார்க்க 2020 தாண்டிக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்தபோது, இவர் குழந்தைகள் பக்கம் திரும்பினார். குழந்தைகளுக்கு இந்தப் புற்றுநோய் அபூர்வம்தான், ஆனால் வந்தால் 6 முதல் 14 வயதுக்குள் வந்துவிடுகிறது. அப்படியானால் பதில் பத்து வருடத்தில் கிடைத்துவிடும்.

நாட்டிலுள்ள மருத்துவமனைகளிலிருந்து கணக்குச் சேர்த்தார்கள். 1981 முதல் 1986 வரை அந்த வயதுப் பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 0.70 பேருக்குப் புற்றுநோய். அடுத்த நான்கு வருடத்தில் 0.57. 1990 முதல் 1994 வரை 0.36. கிட்டத்தட்டப் பாதி. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளை மட்டும் எடுத்தால் இன்னும் தெளிவாகத் தெரிகிறது: ஊசிக்கு முன் பிறந்தவர்களில் 0.52, ஊசி வந்தபின் 1984க்கும் 1986க்கும் இடையில் பிறந்தவர்களில் 0.13. இது 1997இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. ஒரு தடுப்பூசி மனிதருக்கு வரும் ஒரு புற்றுநோயைக் குறைக்கிறது என்பதற்குக் கையில் கிடைத்த முதல் ஆதாரம் அதுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான ஊசியெல்லாம் பிறகு வந்தது.

லட்சத்துக்கு 0.70ன்னா ஒரு ஆளுகூட இல்லையே. இதுக்கா இவ்ளோ பேச்சு?

குழந்தைப் பருவத்துப் புற்றுநோய் பனிப்பாறையின் நுனி மாதிரி, அடியில் இருப்பது பெரியவர்களானபின் வரப்போகும் நோய். அதனால் சாங்கின் குழுவினர் இன்னொரு எண்ணையும் சேர்த்தே பார்த்துவந்தார்கள்: எத்தனை பிள்ளைகள் வைரஸைச் சுமக்கிறார்கள்? தைப்பேயில் 1984இல் 100க்கு 9.8 பிள்ளைகள். 1994இல் 1.3. 1999இல் 0.7. ஒரு தலைமுறைக்குள் வைரஸுக்குக் குடியிருக்க இடமில்லாமல் போய்விட்டது.

ஊசி போட்ட பிள்ளைகள் வளர வளரக் கணக்கும் வளர்ந்தது. 2016இல் 26 வயது வரையிலான கணக்கைக் கொடுத்தார்கள். ஊசி இல்லாத தலைமுறையில் லட்சத்துக்கு 0.92, ஊசி போட்ட தலைமுறையில் 0.23. நான்கில் ஒரு பங்கு.

ஊசியில கிருமியைத்தானே ஏத்துறாங்க? அதுவே லிவரைக் கெடுக்காதா?

கெடுக்காது, உள்ளே கிருமி கிடையாது. இந்த வைரஸுக்கு மேலே ஒரு புரதச் சட்டை உண்டு, அந்தச் சட்டை மட்டும்தான் ஊசியில் இருக்கிறது. சட்டையைக் கண்டுபிடித்தவர் பாரூக் ப்ளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் பார்த்ததால் அதற்கு முதலில் ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்றே பெயர். 1976இல் நோபல் பரிசு வாங்கினார். 1981இல் வந்த முதல் ஊசியில் அந்தச் சட்டையை வைரஸ் உள்ளவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்துச் சுத்தப்படுத்தி எடுத்தார்கள், தைவான் ஆரம்பித்ததும் அந்த வகை ஊசியில்தான். 1986இலிருந்து ஈஸ்டை வைத்தே செய்கிறார்கள். ரொட்டிக்குப் போடுகிறோமே, அதே ஈஸ்ட் இனம், அதற்குச் சட்டை தைக்கும் குறிப்பை மட்டும் கொடுத்துவிடுகிறார்கள். கையில் வீக்கம், ஒரு நாள் காய்ச்சல் வரலாம்.

நம்ம ஊர்ல ஆறு வாரத்துலதானே போடுறாங்க? பிறந்தவுடனே போடணும்னு நீங்க சொல்றீங்க.

தென்னாப்பிரிக்காவில் 1995 ஏப்ரலில் இது குழந்தைகளின் வழக்கமான அட்டவணையில் சேர்ந்தது, 6, 10, 14 வாரங்களில். இப்போது ஆறு நோய்க்கான ஒரே ஊசிக்குள் அதுவும் அடங்கியிருக்கிறது, 18 மாதத்திலும் ஒன்று உண்டு. குழந்தையின் ஊசிக் கணக்கு எழுதும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தைத் திறந்தால் தெரியும். ஆறு வாரம் என்று வைத்ததற்குக் காரணம் இருந்தது: ஆப்பிரிக்காவில் பிரசவத்தில் தொற்றுவதைவிட, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் கூடவே விளையாடும் பிள்ளைகளிடமிருந்தும் வீட்டில் உள்ளவர்களிடமிருந்தும் தொற்றுவதுதான் அதிகம் என்று பழைய ஆராய்ச்சிகள் சொன்னன. அதைத் தடுக்க ஆறு வாரம் போதும்.

ஆனால் அம்மாவுக்கு வைரஸ் இருந்தால் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2009இலிருந்து எல்லா நாடுகளுக்கும் சொல்வது, முதல் ஊசி பிறந்த 24 மணி நேரத்துக்குள். அதனால் கர்ப்பமாக இருக்கும்போதே ரத்தத்தில் இதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பாசிட்டிவ் என்றால் பிறந்த அன்றே குழந்தைக்கு ஊசியும், கூடவே தயார் நிலை எதிர்ப்புச் சக்தியான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும் என்பதைப் பிரசவ அறைக்குப் போகும் முன்பே பேசி, சீட்டில் எழுதி வாங்கிவிடுங்கள். வலி எடுத்தபிறகு யாருக்கும் எதுவும் நினைவிருக்காது.

தைவான்ல ஊசி போட்டும் சில பிள்ளைகளுக்குக் கேன்சர் வந்திருக்கே? நெட்ல படிச்சேன்.

படித்தது சரி, மறைக்கவும் இல்லை. சாங்கே 2009இல் இருபது வருடக் கணக்கை எடுத்து, ஊசி திட்டத்துக்குப் பிறகு பிறந்தும் புற்றுநோய் வந்த 64 பேரை ஒவ்வொருவராகப் பின்னோக்கித் தேடிப் பார்த்தார். பெரும்பாலும் மூன்று ஊசியும் முழுதாகப் போடாதவர்கள், பிறந்தபோது இம்யூனோகுளோபுலின் கிடைக்காதவர்கள், அம்மாவுக்கு வைரஸ் இருந்தவர்கள். தன் திட்டம் எங்கே ஓட்டை என்று அவரே போய்த் தேடியதால்தான் எனக்கு அவர்மேல் மரியாதை.

இன்னும் நுட்பமான ஓட்டை ஒன்று. சில அம்மாக்களின் ரத்தத்தில் வைரஸ் கொதித்துக்கொண்டிருக்கும், பரிசோதனையில் 'இ ஆன்டிஜென்' பாசிட்டிவ் என்று வரும். அவர்களின் குழந்தைகளுக்கு எல்லாம் சரியாகப் போட்டாலும் பத்தில் ஒன்று தப்பிவிடுகிறது. அதற்குத் தைவானில் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவுக்கே டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதக் குழந்தைகளில் வைரஸ் இருந்தது மாத்திரை எடுக்காத பக்கம் 10.71 சதவீதம், எடுத்த பக்கம் 1.54. டெனோஃபோவிர் என்ற பெயர் நம் நாட்டில் யாருக்கும் புதிதில்லை, எச்.ஐ.வி. மருந்தில் இருப்பதும் அதேதான்.

நான் 1988ல பிறந்தவ. எனக்கு ஊசியே போடலையே, இப்ப என்ன பண்றது?

1995க்கு முன் இங்கே பிறந்த எல்லாருக்கும் இதே கதைதான். ஒரு தடவை ரத்தம் பாருங்கள். மூன்று பெயர் சொல்வார்கள்: வைரஸின் சட்டை இருக்கிறதா, சட்டைக்கு எதிர்ப்பு இருக்கிறதா, உள்கருவுக்கு எதிர்ப்பு இருக்கிறதா. சட்டை இருந்தால் வைரஸ் இப்போது உள்ளே இருக்கிறது. சட்டை இல்லாமல் இரண்டு எதிர்ப்பும் இருந்தால், எப்போதோ தொற்றி உடம்பே விரட்டியிருக்கிறது. சட்டைக்கு எதிர்ப்பு மட்டும் இருந்தால் ஊசியால் வந்தது. மூன்றும் இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம்.

நான் வேலை செய்த காலத்தில் இதை 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில் செய்வோம். கடைசி மருந்தை ஊற்றிவிட்டு அரை மணி காத்திருந்தால் சில குழிகள் மட்டும் நீலமாகும், அமிலத்தை விட்டதும் அந்த நீலம் சட்டென்று மஞ்சளாகும். 90 குழி தண்ணீர் மாதிரி இருக்க நடுவில் ஒன்று மட்டும் மாரியம்மன் புடவை மாதிரி மஞ்சளாக நிற்கும். தாளைத் திருப்பி வயதைப் பார்ப்பேன். 24, பெண், பிரசவ வார்டு என்று இருந்தால் அறிக்கை டைப் ஆகும்வரை காத்திருக்காமல் வார்டுக்கு நானே போன் போடுவேன். ஏன் என்பது மேலே 24 மணி நேரக் கதையில் இருக்கிறது.

எனக்கு பாசிட்டிவ் வந்திருக்கு. பிள்ளைக்குப் பால் கொடுக்கலாமா? ஒரே தட்டுல சாப்பிடலாமா?

இரண்டும் தாராளமாக. குழந்தைக்கு ஊசி போட்டிருந்தால் தாய்ப்பாலைத் தடுக்கக் காரணமில்லை. தட்டு, டம்ளர், கட்டிப்பிடிப்பது, முத்தம் எதிலும் தொற்றாது. மாமியார் தனித் தட்டு வைத்தால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். ரத்தம் படும் பொருள்களில்தான் கவனம்: ரேஸர், டூத் பிரஷ், நகவெட்டி, காது குத்தும் ஊசி. வீட்டில் மற்றவர்களுக்கு ரத்தம் பார்த்து, தேவையானால் ஊசி. உங்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை டாக்டர் சொல்கிறபடி கல்லீரல் ஸ்கேன்.

இதோடு நம்ம ஊருக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். காவடிக்கு அலகு குத்துகிறோம். இந்த வைரஸ் உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும். ஒருவருக்குக் குத்திய வேலையும் கொக்கியையும் எலுமிச்சம்பழத்தில் துடைத்து அடுத்தவருக்குக் குத்துவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். இப்போது பல கோயில்களில் மாறிவிட்டது, ஆனால் உங்கள் கோயிலில் எப்படி என்று கேட்டுவிடுங்கள். அவரவர் வேல் அவரவருக்கு, சாமி கோபித்துக்கொள்ளாது.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலைன்னா அது ஹெபடைட்டிஸ் பி தானா?

இல்லை, இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி குழந்தையிடம் சத்தமே போடாமல் உட்கார்ந்திருக்கும், பெரும்பாலும் மஞ்சளே வராது. பிறந்த இரண்டாம், மூன்றாம் நாளில் வரும் மஞ்சள் வேறு, பாதிக் குழந்தைகளுக்கு மேல் வரும், கல்லீரல் இன்னும் பழகாததால் வருவது, இரண்டு வாரத்துக்குள் போய்விடும். ரொம்ப அதிகமானால் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள்.

இரண்டு வாரம் தாண்டியும் கண்ணில் மஞ்சள் இருந்தால் கதை வேறு. தாய்ப்பாலால்கூட அப்படி நீளலாம், அது ஆபத்தில்லை. ஆனால் பித்தநாள அடைப்பாகவும் இருக்கலாம். கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தநீரைக் கொண்டுபோகும் குழாய்கள் தழும்பாகி மூடிப்போகும் நோய் அது. இரண்டையும் வெளியிலிருந்து பார்த்துப் பிரிப்பதற்கு ஒரே வழி, முகம் சுளித்த அந்த ஆயா பார்க்க விரும்பாத இடம்: நாப்பி.

சரி, மலம் என்ன நிறத்துல இருக்கணும்? பச்சையா போனா பயமா இருக்கு.

பச்சைக்குப் பயப்படாதீர்கள். மஞ்சள், கடுகு நிறம், பச்சை, பழுப்பு எல்லாம் சரிதான், பித்தநீர் குடலுக்கு வருகிறது என்று அர்த்தம். பயப்பட வேண்டியது வெளிறிய நிறத்துக்கு: சுண்ணாம்பு, களிமண், ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் புட்டிப் பசை, பால் கலந்த மீலி-மீல் (சோள மாவு) கஞ்சி. அதோடு சிறுநீர் நாப்பியில் மஞ்சள் கறை விட்டால் அன்றைக்கே டாக்டர். வெளிச்சத்தில் பாருங்கள், ராத்திரி மஞ்சள் பல்பின் கீழ் எல்லா மலமும் மஞ்சளாகத்தான் தெரியும். கோயிலில் அந்தப் பெண் காட்டிய படமே மங்கலாக இருந்தது, மறுநாள் ஜன்னல் பக்கத்தில் எடுத்து அனுப்பச் சொன்னேன். நல்ல கடுகு மஞ்சள்.

சாங்கின் அட்டை இதைத்தான் செய்தது. ஜப்பானின் தோச்சிகி மாகாணத்தில் 1990களில் தொடங்கிய யோசனை அது. தைவானில் 2002இல் சில இடங்களில் முயன்று, 2004இல் நாடு முழுக்கக் குழந்தையின் நலப் புத்தகத்துக்குள்ளேயே மலத்தின் நிறப் படங்களை அச்சிட்டு ஒட்டிவிட்டார்கள். அம்மா ஒப்பிட்டுப் பார்க்கிறாள், வெளிறியிருந்தால் போன் போடுகிறாள். 2005இலேயே அந்த நோய் உள்ள குழந்தைகளில் 100க்கு 97 பேரை 60 நாளுக்குள் அட்டை காட்டிக்கொடுத்தது. இயந்திரம் வேண்டாம், ரத்தம் எடுக்க வேண்டாம், அச்சு மையின் செலவுதான்.

அந்த 60 நாள் கணக்கு எதுக்கு?

அடைபட்ட பித்தநீர் கல்லீரலுக்குள்ளேயே தேங்கி அதைத் தழும்பாக்குகிறது. 1950களில் ஜப்பானில் மோரியோ கசாய் என்ற அறுவை மருத்துவர் அடைபட்ட குழாய்களை எடுத்துவிட்டுக் குடலை நேராகக் கல்லீரல் வாயிலில் தைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றும் அதற்குக் கசாய் ஆபரேஷன் என்றுதான் பெயர். 60 நாளுக்குள் செய்தால் பித்தநீர் ஓட நல்ல வாய்ப்பு, தள்ளத் தள்ளக் குறையும். அட்டை வந்தபின் தைவானில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதத்தில் மஞ்சள் தெளிந்த குழந்தைகள் 34.8 சதவீதத்திலிருந்து 60.8 ஆனார்கள். ஆபரேஷன் அதே ஆபரேஷன், கொஞ்சம் முன்னாடி செய்தார்கள், அவ்வளவுதான்.

என் சொந்தத்தில் ஒரு குழந்தை. ஐந்தாவது வாரத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது "தாய்ப்பால் மஞ்சள், போய்விடும்" என்று அனுப்பினார்கள். நாப்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த நானே அந்தக் குழந்தையை மடியில் வைத்து, வெள்ளையாக இருந்த நாப்பியை மாற்றி, பால் செரிக்கவில்லை போல என்று நினைத்துக் குப்பையில் போட்டவள். கண்டுபிடித்தபோது 94ஆவது நாள். கசாய் பலிக்கவில்லை, கடைசியில் கல்லீரல் மாற்றம்தான் வழி என்றானது. இங்கே குழந்தைகளுக்கு அதைச் செய்வது ஜோகன்னஸ்பர்க்கிலும் கேப் டவுனிலும்தான், டர்பன் குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் போய் இருக்க வேண்டும். (அந்த மருத்துவர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். எச்.ஐ.வி. உள்ள அம்மாவின் கல்லீரல் துண்டை எச்.ஐ.வி. இல்லாத அவருடைய குழந்தைக்கு வைத்து 2017இல் காப்பாற்றியது ஜோகன்னஸ்பர்க்கில்தான், உலகிலேயே முதல் தடவை.) குழந்தை அப்பாவின் கல்லீரல் துண்டோடு இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

வெயில்ல காட்டினா போயிடும், ரூய்போஸ் டீ கொடு, கீழாநெல்லி அரைச்சுக் கொடுன்னு வீட்ல சொல்றாங்க.

முதல் வார மஞ்சளுக்கு வெயில் கொஞ்சம் உதவுவது போல் தெரியும், எப்படியும் போகப்போவது போகும். அடைபட்ட குழாயை வெயில் திறக்காது. ரூய்போஸ் என்ற நம் நாட்டு மூலிகை டீ பெரியவர்களுக்கு நல்ல பானம், ஆறு மாதம்வரை குழந்தைக்குப் பாலைத் தவிர எதுவும் வேண்டாம்.

கீழாநெல்லியை நான் கிண்டல் செய்ய மாட்டேன், அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சென்னையில் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள், மேலே சொன்ன அதே ப்ளம்பெர்க்கோடு சேர்ந்து, ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு அதைப் பொடியாகக் கொடுத்து 1988இல் லான்செட் இதழில் எழுதினார்கள். மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் சட்டை மறைந்தது, வெறும் பொடி எடுத்த 23 பேரில் ஒருவருக்கு. படித்தபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அப்புறம் மற்ற இடங்களில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஒரு தடவை கிடைத்தது மறுபடி கிடைக்காவிட்டால் அதை மருந்தாகக் கணக்கில் எடுக்க முடியாது. பச்சைக் குழந்தைக்கு அரைத்துக் கொடுத்து நாளைக் கடத்துவது மட்டும் வேண்டாம், நாள்தான் இங்கே விலை அதிகம்.

என் தங்கச்சி பிள்ளைக்கு ஹெபடோபிளாஸ்டோமான்னு சொல்றாங்க. ஊசி லேட்டா போட்டதால வந்ததா?

இல்லை. உங்கள் தங்கையிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள். ஹெபடோபிளாஸ்டோமா பெரும்பாலும் மூன்று வயதுக்குள் வரும் கட்டி, கல்லீரலின் கரு நிலைச் செல்களிலிருந்து வருவது, ஹெபடைட்டிஸ் பியோடு அதற்குச் சம்பந்தமில்லை. மிகக் குறைந்த எடையில் பிறந்த குழந்தைகளிடம் கொஞ்சம் அதிகம், சில பரம்பரைக் கோளாறுகளோடும் வரும், பெரும்பாலும் காரணம் தெரியாது. சாங் எண்ணியது கல்லீரல் செல் புற்றுநோயை, அது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு வருவது. கீமோவும் அறுவையும் சேர்ந்தால், இந்த இரண்டில் குணமாகும் வாய்ப்பு ஹெபடோபிளாஸ்டோமாவுக்குத்தான் அதிகம்.

தைவான் கணக்கு நமக்குப் பொருந்துமா? இங்க யாராவது பார்த்திருக்காங்களா?

வைரஸின் வகை வேறு. அங்கே பி, சி வகைகள், இங்கே பெரும்பாலும் ஏ. இங்கே புற்றுநோய்க்கு இன்னொரு கூட்டாளியும் உண்டு: பூஞ்சை பிடித்த சோளத்திலும் நிலக்கடலையிலும் உண்டாகும் அஃப்ளாடாக்சின் என்ற விஷம். வைரஸும் அதுவும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து பெருகும். மைக்கேல் கியூ என்ற பேராசிரியர் ஜோகன்னஸ்பர்க்கில் பல பத்தாண்டுகள் இதையெல்லாம் ஆராய்ந்தவர். கறுத்துச் சுருங்கிய கடலையைச் சட்னிக்கு அரைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், வறுத்தாலும் அந்த விஷம் முழுதாகப் போகாது.

டர்பனிலேயே ஒரு கணக்கு இருக்கிறது, நம்மவர்களுக்கே தெரிவதில்லை. இந்த வைரஸ் சில குழந்தைகளின் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உடம்பு வீங்கிப் புரதம் சிறுநீரில் போகும். குவாசூலு-நட்டாலில் கறுப்பினக் குழந்தைகளிடம் அது நிறைய இருந்தது. ராஜேந்திர பீமா, ஹூசன் கூவாடியா முதலிய குழந்தை மருத்துவர்கள் 1995க்கு முன்னும் பின்னும் வந்த நோயாளிகளை எண்ணிப் பார்த்து, ஊசி வந்தபின் அந்த நோய் குறைந்ததை 2003இல் எழுதினார்கள். தைப்பேயில் கல்லீரலில் பார்த்ததை இங்கே சிறுநீரகத்தில் பார்த்தார்கள். ஆறு வாரத்து ஊசிதான், அதுவே இவ்வளவு செய்திருக்கிறது.

ரத்தம் கொடுக்க வெறும் வயித்துல போகணுமா?

ஹெபடைட்டிஸ் பி பரிசோதனைக்குத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டே போகலாம். புரட்டாசி விரதம் முடியட்டும் என்று மூன்று பேர் தள்ளிப்போட்டிருக்கிறார்கள், விரதத்திலும் ரத்தம் எடுக்கலாம். குழந்தைக்கு மஞ்சள் பார்க்கப் போனால் மட்டும் "மொத்த பிலிருபினோடு நேரடி பிலிருபினும் பாருங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். பிலிருபின்தான் உடம்பை மஞ்சளாக்கும் பொருள், பித்தம் அடைபட்டால் ஏறுவது இரண்டாவது எண். கையோடு ஒரு நாப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துப் போங்கள். நாற்றத்துக்கு நர்ஸ் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.